அந்தத் தெருவில் உனக்கு என்ன வேலை? சோதனை பற்றி ஓர் எளிய விளக்கம்

நம் சபைகளில் "சோதனை" என்ற வார்த்தை படாத பாடு படுகிறது. வேலை போனால் சோதனை, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் சோதனை, மாமியார் வந்து ஒரு மாதம் தங்கினால் அதுவும் சிலருக்குச் சோதனை. ராத்திரி பதினொரு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, பார்க்கக்கூடாததைப் பார்க்கலாமா வேண்டாமா என்று தடுமாறுகிறவனுக்கு வருவதையும் அதே பெயரில்தான் சொல்கிறோம். இந்தக் கட்டுரை அந்தக் கடைசி ஆளைப் பற்றியது. அவன் நீங்களாக இருக்கலாம், நான் பல தடவை இருந்திருக்கிறேன்.

குழப்பம் தமிழால் வந்ததில்லை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இருக்கும் "பெய்ராஸ்மோஸ்" என்ற சொல்லுக்கே இரண்டு பொருளும் உண்டு: ஒருவர் எத்தனை உறுதியானவர் என்று பரீட்சித்துப் பார்ப்பது ஒன்று, அவரைத் தவறு செய்யத் தூண்டுவது இன்னொன்று. அதனால்தான் ஆதியாகமம் 22ல் "தேவன் ஆபிரகாமைச் சோதித்தார்" என்று படித்துவிட்டு, யாக்கோபு 1:13ல் "ஒருவனையும் அவர் சோதிக்கிறவருமல்ல" என்று படிக்கும்போது முதல்முறை வாசிப்பவருக்குத் தலை சுற்றுகிறது. முதல் இடத்தில் பரீட்சை, இரண்டாவது இடத்தில் தூண்டுதல். வாத்தியார் பரீட்சை வைப்பார், ஆனால் பிட்டு எழுதிக் கையில் கொடுத்து "காப்பி அடி" என்று சொல்லமாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கர்த்தருடைய ஜெபத்தில் வரும் "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்ற வரியும் இதே சிக்கலில்தான் மாட்டிக்கொள்கிறது. 2017ல் போப் பிரான்சிஸ் இத்தாலியத் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் அந்த வரியின் மொழிபெயர்ப்பு சரியில்லை என்றார், சோதனைக்குள் தள்ளுவது தகப்பனின் வேலையில்லை என்பது அவர் வாதம். 2020ல் இத்தாலியத் திருப்பலி நூலில் அது "சோதனையில் எங்களைக் கைவிட்டுவிடாதேயும்" என்கிற பொருளில் மாறியது. நம்மூர்க் கத்தோலிக்கப் பெரியவர்களோ வெகுகாலமாக "சோதனையில் விழவிடாதேயும்" என்றுதான் சொல்லிவந்தார்கள், அவர்களுக்கு இந்தச் சண்டையே புரிந்திருக்காது.

சரி, தூண்டுதல் எப்படி வேலை செய்கிறது? இதற்கு யாக்கோபு 1:14, 15 இரண்டு வசனம் போதும். "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான். பின்பு இச்சையானது கர்ப்பந்தரித்து, பாவத்தைப் பிறப்பிக்கும்." "சிக்குண்டு" என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது மீன்பிடிக்கிறவர்களின் வார்த்தை, தூண்டில் இரையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கலிலேயாக் கடற்கரைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தூண்டில்காரன் வெறும் முள்ளைத் தண்ணீரில் போடுவதில்லை. மீனுக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்து அதையே மாட்டுகிறான். மண்புழு பாவமா? இல்லை. மீனுக்குப் பசிப்பது பாவமா? அதுவும் இல்லை. புழுவுக்குள் முள் இருக்கிறது என்பதுதான் விஷயம், அது மீனுக்குத் தெரியாது, நமக்குப் பெரும்பாலும் தெரியும், தெரிந்தும் கடிக்கிறோம்.

யாக்கோபு பழியை எங்கே போடுகிறார் என்பதையும் கவனியுங்கள். "சுய இச்சை" என்கிறார். அதிகாரம் 4ல் பிசாசைப் பற்றிப் பேசுகிறவர்தான், ஆனாலும் இங்கே அவனை இழுக்கவில்லை. நம்மிடையே எதற்கெடுத்தாலும் "பிசாசு கொண்டுபோய் விட்டுட்டான்" என்று சாட்சி சொல்லும் பழக்கம் உண்டு, அது சில சமயம் ரொம்ப வசதியான சாட்சி. தூண்டுவது எவனாக இருந்தாலும், பசி நம்முடையது. கர்ப்பம், பிறப்பு என்று அவர் சொல்வதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: எண்ணம் தலையில் வந்து போவதும் அதற்கு இடம்கொடுத்து வளர்ப்பதும் ஒன்றல்ல. புதிதாக விசுவாசத்துக்கு வந்த பலர் ஒரு கெட்ட எண்ணம் வந்ததுமே "ஐயோ, நான் பாவம் செய்துவிட்டேன்" என்று அழுவார்கள். எபிரெயர் 4:15 இயேசுவே "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற" என்கிறது. சோதிக்கப்படுவதே பாவமென்றால் அந்த வசனத்துக்கு அர்த்தமே இல்லை.

இனி நான் உண்மையில் பேச வந்த பகுதிக்கு வருகிறேன், நீதிமொழிகள் 7. இதைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் சொல்லித்தரமாட்டார்கள், வாலிபர் கூட்டத்தில் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். ஆனால் சோதனை எப்படி வருகிறது என்பதை இதைவிட நுணுக்கமாகச் சொன்ன பகுதி வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் தன் வீட்டு ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு பையன் நடந்து போகிறான். கெட்டவன் என்று சொல்லவில்லை, "புத்தியீன வாலிபன்" என்கிறது, விவரம் இல்லாத பையன். அவன் எங்கே போகிறான்? "அவள் இருக்கும் சந்துக்கடுத்த தெருவில் சென்று, அவள் வீட்டு வழியாய்" நடக்கிறான். எந்த நேரம்? மாலை மயங்கும் நேரம், இருட்டிக்கொண்டு வருகிறது.

பாருங்கள், அந்தப் பெண் இன்னும் வாயே திறக்கவில்லை. கதையில் அவள் வருவதே அடுத்த வசனத்தில்தான். ஆனால் ஜன்னலில் நிற்கிறவர் அப்போதே முடிவு கட்டிவிட்டார். பையனைக் கேட்டால் "சும்மாதான் நடந்தேன்" என்பான். உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டும் இருப்பான். யாரும் "இன்றைக்கு நான் விழப்போகிறேன்" என்று திட்டம் போட்டுக் கிளம்புவதில்லையே, அந்தத் தெரு வழியாகப் போகத்தான் கிளம்புகிறோம்.

அப்புறம் அவள் பேசுகிறாள், மூன்று இரை போடுகிறாள். முதலாவது பக்தி: இன்றைக்குத்தான் பலி செலுத்திப் பொருத்தனையை நிறைவேற்றினேன் என்கிறாள் (சமாதான பலியில் செலுத்தினவர்களுக்கும் இறைச்சியில் பங்கு உண்டு, ஆக வீட்டில் விருந்தும் தயார்). இரண்டாவது சுகம்: மெத்தை, வாசனை, இத்தியாதி. மூன்றாவதுதான் ஆளை வீழ்த்துவது: புருஷன் வீட்டில் இல்லை, தூரப் பயணம் போயிருக்கிறான், பணப்பையையும் கொண்டுபோயிருக்கிறான், குறித்த நாளில்தான் வருவான். அதாவது யாருக்கும் தெரியாது. இந்த மூன்றையும் வேறு எந்தச் சோதனைக்கும் பொருத்திப் பாருங்கள், பெண் விஷயமாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. கணக்கில் இரண்டாயிரம் ரூபாயை மாற்றி எழுதும் சபைப் பொருளாளருக்கும் இதே மூன்றுதான்: "ஊழியத்துக்குத்தானே", "இந்த மாதம் கையில் கொஞ்சம் தாராளமாக இருக்கும்", "ஆடிட்டிங் மார்ச்சில்தானே".

ஒரு சின்ன இடைச்செருகல். இந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு பெண்கள்தான் சோதனை என்று பிரசங்கம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அது எனக்கு ஒப்பாது. இது தகப்பன் மகனுக்குச் சொல்வது, அதனால் எதிரில் பெண் நிற்கிறாள். 2 சாமுவேல் 13ல் வியாதிக்காரன் மாதிரி நடித்துத் தங்கை தாமாரை அறைக்குள் வரவைத்த அம்னோன் ஆண்தான், அது சோதனை என்ற வார்த்தைக்குள்ளேயே அடங்காத வன்முறை. நீதிமொழிகளிலேயே ஞானமும் ஒரு பெண்தான். 9ம் அதிகாரத்தில் ஞானமும் மதியீனமும் இரண்டு பெண்களாக, ஊரின் உயர்ந்த இடங்களிலிருந்து ஒரே அழைப்பை விடுக்கிறார்கள்: பேதை எவனோ அவன் இங்கே வரட்டும். வார்த்தை ஏறக்குறைய ஒன்றேதான். குரலை மட்டும் வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, அங்கே போனால் என்ன சாப்பிடக் கிடைக்கும், அதற்கு முன்னே போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்கவேண்டும்.

ஆக நீதிமொழிகளின் ஆலோசனை என்ன? இங்கேதான் பலர் எதிர்பார்ப்பது ஒன்று, புத்தகம் சொல்வது வேறொன்று. "மனதை இரும்பாக்கிக்கொள்" என்று சொல்லும் என்று நினைப்போம். அது சொல்வதோ கால்களைப் பற்றி. "உன் வழியை அவளுக்குத் தூரப்படுத்து, அவளுடைய வீட்டின் வாசலைக் கிட்டிச் சேராதே" (5:8). துன்மார்க்கருடைய பாதை பற்றி, அதன் வழியாய்ப் போகாதே, "அதை விட்டு விலகிக் கடந்துபோ" (4:15). குடியைப் பற்றி, பாத்திரத்தில் பளபளக்கும்போது அதைப் பார்க்கவே பார்க்காதே (23:31). மடியில் நெருப்பை வைத்துக்கொண்டு துணி வேகாமல் இருக்குமா என்று ஒரு கேள்வி (6:27). தெரு, வாசல், பார்வை, மடி. எல்லாமே தூரத்தைப் பற்றிய பேச்சு. மன உறுதி உள்ளவனாக இரு என்பதைவிட, மன உறுதி தேவைப்படாத இடத்தில் இரு என்கிறது. இதை நான் புரிந்துகொள்ள ரொம்ப நாள் பிடித்தது, ஏனென்றால் ஒவ்வொரு கன்வென்ஷன் முடிவிலும் எழுந்து நின்று தீர்மானம் எடுப்பதுதான் ஜெயம் என்று நினைத்து வளர்ந்தவன் நான். தீர்மானம் எடுத்துவிட்டு அதே போனை அதே தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவேன். போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டு வந்து படுக்க ஆரம்பித்த பிறகு நடந்த மாற்றம், பத்து தீர்மானத்தில் நடக்கவில்லை. கேட்கச் சப்பென்று இருக்கும், ஆனால் நீதிமொழிகள் இந்த மாதிரிச் சப்பென்ற விஷயங்களால் ஆன புத்தகம்.

தெருவைப் போலவே நேரமும் முக்கியம். ஏசா சேஷ்டபுத்திரபாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையை, விற்றது ஒரு கிண்ணம் கூழுக்கு, "அந்தச் சிவப்பான கூழிலே" கொஞ்சம் தா என்று கேட்கிறான். வெளியிலிருந்து களைத்து வருகிறான், "நான் சாகப்போகிறேனே" என்கிறான், சாகவெல்லாம் இல்லை, பசி. வயிறு நிறைந்திருக்கும்போது அதே பேரத்தை அவன் தம்பி யாக்கோபு பேசியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். தாவீதின் விழுகையோ வேறு வகை. 2 சாமுவேல் 11 ஆரம்பமே ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலம் என்றுதான், தாவீதோ எருசலேமில் இருந்துவிட்டான். சாயங்காலம் படுக்கையிலிருந்து எழுந்து மாடியில் உலாவுகிறான். களைப்பு இல்லை, பசி இல்லை, செய்ய வேலை இல்லை. ஒருவனை ஓட்டம் விழவைத்தது, இன்னொருவனை ஓய்வு. அதனால் "எனக்கு எந்த நேரத்தில் வருகிறது?" என்று ஒரு வாரம் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். சிலருக்குச் சம்பளம் வந்த மாலை, சிலருக்கு மாதக் கடைசி, சிலருக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்து நிற்கும் அந்த அரை மணி நேரம். ஊழியர்கள் சிலருக்கு, பெரிய கூட்டம் நல்லபடியாக முடிந்து தனியாக லாட்ஜ் அறைக்குத் திரும்பும் ராத்திரி.

தாவீது விழுந்தது ஒரே அடியில் இல்லை என்பதையும் பார்க்கவேண்டும். குளிக்கும் ஒரு பெண்ணைப் பார்த்தான், விசாரித்தான், "உரியாவின் மனைவி" என்று பதில் வந்தது, அதுவே நின்றுவிட ஓர் இடம். நிற்கவில்லை, ஆள் அனுப்பினான். யோசுவா 7ல், எடுக்கக்கூடாத கொள்ளைப்பொருளை எடுத்த ஆகான் தானே வரிசை சொல்கிறான்: பாபிலோனியச் சால்வை ஒன்று, இருநூறு சேக்கல் வெள்ளி, ஐம்பது சேக்கல் நிறையுள்ள பொன்பாளம், கண்டேன், இச்சித்தேன், எடுத்தேன், கூடாரத்தின் நடுவில் பூமிக்குள் புதைத்திருக்கிறது. ஏவாளுக்கும் அப்படியே: நல்லது என்று கண்டாள், பறித்தாள், புசித்தாள், கொடுத்தாள். வினைச்சொற்களை வரிசையாக எண்ணினால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருப்பது தெரியும், ஆரம்பத்தில் அது அகலமாக இருக்கிறது, போகப்போகக் குறுகிவிடுகிறது.

அடுத்து ஒரு கேள்வி கட்டாயம் வரும். வேதம் சில இடங்களில் ஓடு என்கிறது, சில இடங்களில் நில் என்கிறது, எது சரி? "வேசித்தனத்திற்கு விலகியோடுங்கள்" என்கிறார் பவுல், "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்" என்கிறார் யாக்கோபு. நான் புரிந்துகொண்டவரை, ஆசையைக் கிளப்பும் சோதனையிலிருந்து ஓடவேண்டும், பயமுறுத்தி விசுவாசத்தை விடச்செய்யும் சோதனை முன்னால் நிற்கவேண்டும். அதேபோல எதிர்த்து நில்லுங்கள் என்று எழுதும் பேதுருவும் அடுத்த மூச்சிலேயே உலகெங்குமுள்ள சகோதரர் படும் பாடுகளைத்தான் பேசுகிறார். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: இச்சையோடு மல்லுக்கு நிற்போம், அலுவலகத்தில் பொய்க்கணக்கு எழுதச் சொன்னால் ஓடி ஒளிந்துகொள்வோம். யோசேப்பு சரியாகச் செய்தவன். எஜமான் போத்திபாரின் மனைவி நாள்தோறும் கேட்டாள் என்று இருக்கிறது, நாள்தோறும் வாயால் மறுத்தான், தேவனுக்கு விரோதமாய் எப்படிப் பாவம் செய்வேன் என்று காரணமும் சொன்னான். கடைசியில் துணியைப் பிடித்தபோது பேச்சை நிறுத்திவிட்டு ஓடினான். அந்தத் துணியே அவனுக்கு எதிரான சாட்சியாகி ஜெயிலுக்குப் போனான். சோதனையை ஜெயித்தால் உடனே ஆசீர்வாதம் என்று யாராவது சொன்னால் இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள்.

ஓட முடியாத இடமும் உண்டு, ஏனென்றால் சில சோதனைகள் தலைக்குள்ளேயே குடியிருப்பவை. இதற்கு நல்ல உதாரணம் 4ம் நூற்றாண்டின் எவாக்ரியுஸ். கான்ஸ்டான்டிநோப்பிளில் பேர் பெற்ற சபை ஊழியராக இருந்தபோது இன்னொருவரின் மனைவிமேல் காதல் வந்துவிட்டது. அவர் செய்தது நீதிமொழிகள் 5:8ஐ அப்படியே: கப்பலேறி எருசலேமுக்குப் போனார், அங்கிருந்து எகிப்தின் பாலைவனத்துக்கு. தெருவை மட்டுமா, கண்டத்தையே மாற்றினார். ஆனால் பாலைவனத்திலும் எண்ணங்கள் வந்தன. அவற்றை எட்டு என்று வகைப்படுத்தி எழுதினார், பெருந்தீனியில் தொடங்கிப் பெருமையில் முடியும் பட்டியல். பிற்காலத்தில் மேற்கில் அது ஏழு கொடிய பாவங்கள் என்று மாறியதற்கு வேர் இதுதான். அவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது "மத்தியானப் பேய்". பகல் உச்சியில் சூரியன் நகரவே நகராது, நாள் ஐம்பது மணி நேரம்போல் இழுக்கும், துறவி ஜன்னலை ஜன்னலைப் பார்ப்பார், சாப்பாட்டு வேளை வந்துவிட்டதா என்று வெயிலை அளப்பார், இந்த இடமே சரியில்லை, வேறெங்காவது போனால் நன்றாக ஜெபிக்கலாம் என்று தோன்றும். மத்தியானம் மூன்று மணிக்கு ஆபீசில் உட்கார்ந்து காரணமில்லாமல் போனை எடுக்கும் எவருக்கும் இந்தப் பேயைத் தெரியும்.

அந்தப் பெயரை அவர் எடுத்தது 91ம் சங்கீதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து. நம் வேதாகமத்தில் "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" என்று இருக்கிறது. அதே சங்கீதத்தைத்தான் பிசாசு தேவாலயத்து உப்பரிகையில் வைத்து இயேசுவிடம் மேற்கோள் காட்டினான், தூதர்கள் உம்மைத் தாங்குவார்கள், குதியும் என்று. வசனம் சரியாகத்தான் சொன்னான், ஆனால் அடுத்த வசனத்துக்குப் போகவில்லை, அதில் பாம்பை மிதிப்பது வருகிறது. ஒரு வசனம் கைவசம் இருக்கிறது என்பதாலேயே ஒரு காரியம் சரியாகிவிடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

பிசாசு சோதித்த மூன்று தடவையும் இயேசு உபாகமத்திலிருந்தே பதில் சொன்னார், 6ம் 8ம் அதிகாரங்கள். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் 40 வருஷம் பசித்து, முறுமுறுத்து, தோற்றுப்போன இடங்களை நினைவூட்டும் பகுதிகள் அவை. அவர் 40 நாள் பசித்திருந்து அதே பரீட்சையைத் திரும்ப எழுதுகிறார். விவாதம் செய்யவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒற்றை வரி. ஏவாள் பாம்போடு பேச்சை வளர்த்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: தேவன் சொல்லாத "தொடவும் வேண்டாம்" என்பதை அவளே சேர்த்துக்கொண்டாள். எவாக்ரியுஸ் பின்னாளில் இந்த முறையைத்தான் கையிலெடுத்தார், ஒவ்வொரு கெட்ட எண்ணத்துக்கும் திருப்பிச் சொல்ல ஒரு வசனம் என்று நூற்றுக்கணக்கில் தொகுத்து வைத்தார். நமக்கு நூற்றுக்கணக்கில் தேவையில்லை, நம் பலவீனம் எதுவோ அதற்கு இரண்டு மூன்று மனப்பாடமாக இருந்தால் போதும். விழும் நேரத்தில் கன்கார்டன்ஸை (வசனம் தேடித்தரும் அகராதியை) புரட்டிக்கொண்டிருக்க முடியாது.

1 கொரிந்தியர் 10:13ஐயும் சொல்லவேண்டும், "சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்". துக்க வீட்டில் போய் "தாங்க முடியாத பாரத்தைக் கர்த்தர் தரமாட்டார்" என்று இந்த வசனத்தைச் சொல்கிறவர்களைத் தயவுசெய்து யாராவது தடுங்கள், அதன் முன்னும் பின்னும் இருப்பது விக்கிரக விருந்துக்குப் போகலாமா என்ற பேச்சு. போக்கு என்றால் வெளியே போகும் வழி, வாசல். பெரும்பாலும் அது ரொம்பச் சாதாரணமாக இருக்கும்: எழுந்து லைட்டைப் போடுவது, ஆன்லைன் ரம்மி ஆப்பை நீக்கிவிட்டு வங்கிக் கணக்கை மனைவி கையில் கொடுப்பது, ஒரு நண்பனுக்குப் போன் செய்து "எனக்கு இப்போது சரியில்லை, கொஞ்சம் பேசு" என்பது. குடியோ சூதோ பழக்கத்தைத் தாண்டி நோயாகிவிட்டதென்றால் அந்த வாசலில் ஒரு டாக்டர் நிற்கலாம், அவரிடம் போவது விசுவாசக் குறைவு ஆகாது.

விழுந்துவிட்டால்? நீதிமொழிகள் 24:16 நீதிமான் ஏழுதரம் விழுவான் என்று சாதாரணமாகச் சொல்கிறது, பிறகு எழுந்திருப்பான் என்கிறது. விழுந்தவனை எழுந்திருக்கவிடாமல் படுக்கவைப்பது ரகசியம்தான், அதனால் 28:13 மறைக்காதே, அறிக்கை செய்து விட்டுவிடு என்கிறது.

பேதுருவைப் பாருங்கள். கெத்செமனேயில் விழித்திருந்து ஜெபம்பண்ணு என்றபோது தூங்கினான். பிறகு பிரதான ஆசாரியனின் அரண்மனை முற்றத்தில், இயேசுவைப் பிடித்துவந்த சேவகர்களோடு நின்று கரிநெருப்பில் குளிர்காய்ந்தான். அந்தத் தெருவில் அவனுக்கு என்ன வேலை என்று ஜன்னலில் நிற்கும் பெரியவர் கேட்டிருப்பார். அங்கே இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தான். யோவான் அந்த நெருப்புக்குப் போடும் கிரேக்க வார்த்தை அவர் சுவிசேஷத்தில் இன்னும் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. திபேரியா கடற்கரையில், விடியற்காலம், இராமுழுவதும் வலை வீசி ஒன்றும் அகப்படாமல் இருந்தவர்கள் கரையேறும்போது கரிநெருப்பு போட்டிருக்கிறது, அதன்மேல் மீன் வைத்திருக்கிறது, பக்கத்தில் அப்பம். வாருங்கள், சாப்பிடுங்கள் என்கிறார் உயிர்த்தெழுந்த இயேசு. சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேதுருவிடம் "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்று கேட்கிறார், அதுவும் மூன்று தடவை.